தலையைக் கொண்டுவர மறந்த கண்காட்சி

உங்கள் துணிக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். அருங்காட்சியக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளை நினைவில் வைத்து அழைப்பிதழ் அனுப்பியதற்கு நன்றி. கடைசி வரிசையில் நாற்காலி போட்டதற்கும் நன்றி. அங்கிருந்துதான் எல்லாருடைய லட்சணமும் தெரியும். பட்டுக்கு வெளிச்சம் ஆகாது என்று கூடத்தை இருட்டாக்கி வைத்திருந்தீர்கள். சரிதான், நாங்களும் அப்படித்தான் படித்தோம். ஆனால் மேடைக்கு மட்டும் கல்யாண மண்டபம் தோற்கும்படி விளக்குப் போட்டிருந்தீர்கள். தேர்ச்சீலையில் இருப்பது யாளியா யானையா என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன். பேசியவர்களின் மூக்குத் துளை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

நெய்தவன் பெயர் எங்கும் இல்லை. கண்காட்சியை அமைத்தவர் பெயர் வாசலிலேயே ஆளுயரத்துக்கு இருந்தது. போகட்டும், காலம் அப்படி. என் வயிற்றெரிச்சல் அதுவல்ல.

நடுக்கூடத்தில், தனிக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பழைய பரிவட்டம் வைத்திருக்கிறீர்கள். சாமிக்குச் சாத்திய பட்டு. திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கோ அவர் தலையில் கட்டும் துணி. அதன் அடியில் ஒரு மிராசுதார் குடும்பத்தின் பெயரைப் போட்டு, 'கொடை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்துப் பேரன் வெளிநாட்டிலிருந்து வந்து ரிப்பன் வெட்டினார். தாத்தா இதை மக்களுக்கு வாரி வழங்கினார் என்று குரல் தழுதழுக்கப் பேசினார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். விழா முடிந்ததும் உங்களில் ஒரு தங்கை என்னிடம் ஓடிவந்து, துணியின் நடுவில் உள்ள பழுப்புக் கறையைப் பற்றிச் சொன்னாள். எடுத்துவிடப் போகிறார்களாம், சென்னையிலிருந்து மருந்து வருகிறதாம். பட்டு புதுசு போல ஆகிவிடும் என்று அவள் சொன்னபோது அந்த முகத்தில் எவ்வளவு பெருமை.

மருந்து வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பணியில் சேர்ந்த புதிது. புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. தஞ்சாவூர்ச் சுவர்களில் எல்லாம் உழுபவனுக்கே நிலம் என்று எழுதியிருக்கும். எழுதிய சுவர் பெரும்பாலும் நிலம் வைத்திருப்பவருடையது. நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்றதும் மிராசுதார்கள் நிலத்தைச் சமையல்காரன் பேரிலும் மாட்டுக்காரன் பேரிலும் எழுதிவைத்துக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரர்கள் தங்கள் சாகுபடியைப் பதிவு செய்யத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். கூலிச் சண்டை, அறுவடைச் சண்டை, கோயில் சண்டை என்று ஊருக்கொரு போலீஸ் வேன் நின்றது.

அப்போதுதான் எங்கள் கூடத்தில் ஒரு துணிக் கண்காட்சி வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. நாங்கள் ஊர் ஊராய்ப் போய்ப் பழைய பட்டு, சரிகை, தேர்ச்சீலை என்று இரவல் கேட்டோம். யாரும் தரவில்லை. கொடுத்தால் அரசாங்கம் திருப்பித் தராது என்று பயம். அந்த நேரத்தில், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து ஊர் மிராசுதார் ஒருவர் காரில் வந்து இறங்கினார். ஒரு எச்சில் படிக்கத்தைக்கூட யாருக்கும் இரவல் கொடுத்தறியாத மனிதர். வெள்ளித் தட்டில் பரிவட்டத்தை வைத்து, எங்கள் குடும்பப் பெருமை உங்கள் கையில் என்று நீட்டினார்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. உலகத்தில் பொருள் காப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு நோய் இருக்கிறது: நல்ல துணியைக் கண்டால் அதைக் கொண்டுவந்த கையைப் பார்க்க மறந்துவிடுவது. அலுவலகமே வாயெல்லாம் பல்லாக நின்றது. பரிவட்டத்தைத் துண்டு போல மடித்து வைத்தால் அழகில்லை என்று, தச்சரைக் கூப்பிட்டு ஒரு மரத்தலை செய்து, அதில் கட்டிக் கண்ணாடிக்குள் வைத்தோம். அமைச்சர் வந்து திறந்துவைத்தார். தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை என்று மனிதனை மனிதன் ஏய்த்த காலம் முடிந்தது என்று அருமையாகப் பேசினார். இறங்கிப் போகும்போது அவர் கழுத்தைப் பொன்னாடைகளுக்கு நடுவே தேட வேண்டியிருந்தது. அதில் ஒன்றைக் கழற்றி மிராசுதாருக்குப் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு வேடிக்கை தொடங்கியது. பார்க்க வந்த கிராமத்து ஜனங்கள் மரத்தலையின் முன்னால் செருப்பைக் கழற்றினார்கள், காசு போட்டார்கள், ஒருவர் கற்பூரமே ஏற்றப் போனார். காவலர் அவரைத் தடுத்துவிட்டுத் தானும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். நாங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கண்காட்சி வெற்றி என்று மேலிடத்துக்கு எழுதினோம்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள். பெயர் காத்தாயி என்று பிறகு தெரிந்தது. நடவு வேலை செய்கிறவள், ஐம்பதை நெருங்கிய வயது. செருப்பைக் கழற்றவில்லை, போட்டு வந்தால்தானே கழற்ற. கும்பிடவும் இல்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். படித்த பெண்கள் எல்லாரும் டீச்சர்கள் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. என்னிடம் வந்தாள்.

"நெசமாவே இதானா டீச்சரம்மா அது? தூர நின்னே பாத்த துணி. கிட்டத்துல பாத்தா நூலு நூலால்ல கெடக்கு."

அதுதான் என்று சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அந்த ஊர் அம்மன் திருவிழாவில் பரிவட்டம் எப்போதும் மிராசுதார் தலைக்குத்தான். இந்த வருஷம் கீழத்தெருக் கூலிக்காரர்கள், ஒரு வருஷம் எங்களுக்கும் கட்ட வேண்டும் என்று நின்றார்கள். தாசில்தார் சமாதானக் கூட்டம் போட்டார். முறை வைத்துக் கட்டலாம், இந்த வருஷம் கீழத்தெருவில் வயதில் மூத்த வீராசாமிக்கு என்று முடிவானது. வீராசாமி இவளுடைய அண்ணன். மிராசுதார் இரண்டு கையையும் கூப்பி ஒப்புக்கொண்டார். மறுநாளே காரை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார். இப்போது திருவிழா நாளும் வந்துவிட்டது; ஊரில் கேட்டால், துணி அரசாங்கத்திடம் இருக்கிறது, நான் என்ன செய்ய என்று கையை விரிக்கிறாராம்.

"எங்க பயலுவ நம்ப மாட்டேங்குறானுவ. வீட்டுலதான் ஒளிச்சு வச்சிருக்காரு, இன்னிக்கிப் பொழுது சாய பூந்து எடுத்துடுவோம்னு கம்போட நிக்கிறானுவ. எம்மவன்தான் முன்னாடி நிக்கிறான். போலீசு வேனு ஆண்டை வூட்டுக் கொல்லையிலயே நிக்கிது. இவனுவ காலு வாசப்படியில பட்டா போதும், அடிச்சு உள்ள தள்ளிடுவாங்க. அப்பறம் குத்தகைப் பதிவு ஏது, ஒண்ணு ஏது. நான் இங்கதான் இருக்குன்னு போயி சொன்னா மட்டும் கேட்டுடுவானுவளா?"

அண்ணனுக்கு மரியாதை கிடைக்க வேண்டும் என்று வந்திருக்கிறாள் என நினைத்து, ஏதோ ஆறுதல் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அந்தத் துணி மேல எனக்கு ஒரு ஆசையும் இல்லம்மா. அதக் கட்டுனா வயிறு நெறையப் போவுதா. எம்மவன் மண்ட ஒடையாம வூடு வந்து சேரணும். அவ்ளோதான்."

அவளை அழைத்துக்கொண்டு எங்கள் அதிகாரியிடம் போனேன். அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குரு, வழிகாட்டி என்றெல்லாம் நீங்கள் மேடையில் பேசும் ஜாதி இல்லை அவர். மகா பயந்தாங்கொள்ளி. தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே வயிற்றுப்போக்கு வந்துவிடும். மாதம் ஒரு முறை பொருள்களை வேனில் ஏற்றிக் கிராமங்களில் நடமாடும் கண்காட்சி நடத்த வேண்டும் என்று அரசு உத்தரவு இருந்தது. பொருளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில், மழையால் ஒத்திவைக்கப்பட்டது என்றே மாதாமாதம் எழுதி அனுப்புவார். கத்திரி வெயிலிலும் எங்கள் வேனுக்கு மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது.

காத்தாயி சொன்னதைக் கேட்டு அவர் முகம் வெளுத்தது. மோரை வரவழைத்துக் குடித்தார். பிறகு என்னிடம், "வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டோம்மா. நெலத்தச் சமையக்காரன் பேர்ல வச்சாரு, துணிய நம்ம பேர்ல வச்சிட்டாரு. நாம அவருக்குப் பினாமி," என்றார்.

துணியைக் காத்தாயி கையில் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நான் வீரம் பேசினேன். இளம் வயது, யார் வேலை போனாலும் பரவாயில்லை என்று தோன்றும் வயது. இரவல் கொடுத்தவரைக் கேட்காமல் பொருளை வேறு கைக்கு மாற்றினால் தன் வேலை போகும் என்றார். கொடுக்காமல் இருந்து ஊரில் மண்டை உடைந்தால், இந்தத் துணியை ஏன் வாங்கி வைத்தாய் என்ற கேள்வியிலும் தன் வேலைதான் போகும் என்றார். இரண்டு பக்கமும் பயந்து பயந்து, நடுவில் ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்தார். பயப்படத் தெரிந்தவனுக்குத்தான் விதிகளின் சந்துபொந்தெல்லாம் தெரியும். வேனை எடுக்கச் சொன்னார்.

எங்கள் கூடம் எந்த ஊரில் கடை விரித்தாலும் அது கண்காட்சியே. இரவல் தருகிறவர்கள் அதற்கு ஒப்புக்கொண்டுதான் தருகிறார்கள். ஆக, பரிவட்டம் எங்கள் கையை விட்டுப் போகவே வேண்டாம். நாங்களே அதனுடன் அந்த ஊருக்குப் போகலாம். தாசில்தாருக்குப் போன் செய்து ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். அடுத்ததாக அவர் மிராசுதார் வீட்டுக்கே போன் செய்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயா குடும்பத்துப் பெருமையை ஐயா ஊர் ஜனங்களே பார்க்காமல் போகலாமா, இன்று மாலை கோயில் மண்டபத்தில் காட்சி வைக்கிறோம், ஐயாதான் திறந்துவைக்க வேண்டும், எங்கள் காவலர் துணியை விட்டு அசைய மாட்டார் என்றெல்லாம் குழைந்தார். போனுக்கு அந்தப் பக்கம் மிராசுதாருக்கு ஆனந்தம். கீழத்தெரு முழுவதும் வந்து, அரசாங்கக் காவலுக்குப் பின்னால் இருக்கும் துணியைப் பார்த்து நாக்கைத் தொங்கப் போட வேண்டும்; அதைத் தானே திறந்துவைக்கவும் வேண்டும். இதைவிட வேறென்ன வேண்டும் அவருக்கு.

புறப்படும்போது மரத்தலையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதிகாரி அதை என் கையிலிருந்து வாங்கி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மேஜைக்குள் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு வேனில் இடமில்லை என்றார். வேனில் காத்தாயி காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரும் அளவுக்கு இடம் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. ஒரு பக்கம் போலீஸ், ஒரு பக்கம் கம்புடன் இளவட்டங்கள். காத்தாயி வேனிலிருந்து குதித்து மகனிடம் போய், துணி வந்திருக்கிறது, வாயை மூடிக்கொண்டு நில் என்று சட்டையைப் பிடித்துச் சொன்னாள். அவன் நம்பாமல் கம்பைப் பிடித்தபடியே நின்றான். கோயில் மண்டபத் தூண்களுக்கு நடுவே நாங்கள் ரிப்பன் கட்டினோம். மிராசுதார் புது வேட்டியில் வந்தார், கத்தரிக்கோலை வாங்கினார், வெட்டினார். அவருடைய ஆட்கள் மட்டும் கை தட்டினார்கள்.

அதிகாரி பெட்டியைத் திறந்து பரிவட்டத்தை வெளியே எடுத்தார். அதை ஏந்திக்கொண்டு சுற்றுமுற்றும் தேடினார்.

"அடடா, தலையக் கொண்டாற மறந்துட்டமே," என்றார்.

தாசில்தார் என்ன தலை என்று கேட்டார். இது பழைய பட்டு, மடித்துக் கிடத்தினால் முறிந்துவிடும், தலையில் கட்டித்தான் காட்ட வேண்டும், அதற்கென்றே ஒரு தலை செய்து வைத்திருந்தோம் என்று அதிகாரி கூட்டத்துக்கே கேட்கும்படி புலம்பினார். தாசில்தார் தாடையைத் தடவிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"இவ்ளோ பேரு தலையோடதான நிக்கிறாங்க. இந்த வருசம் யாரு முறைன்னு பேசியிருக்கு?"

பூசாரி வீராசாமியைக் கை காட்டிக் கூப்பிட்டார். திருவிழாவுக்காகத் தலை முழுகி, தேங்காயெண்ணெய் நெற்றியில் வழிய வாரிக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார் அந்த மனிதர். கூப்பிட்டதும் வரவில்லை. மிராசுதாரைப் பார்த்தார், போலீசைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை வழக்கத்தால் இடுப்புக்கு இறக்கப் போனவர், பாதியில் நிறுத்தி மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டு மண்டபத்தில் ஏறினார்.

இனிமேல் வருவதைக் கவனமாகப் படியுங்கள். அந்த எண்ணெயைப் பார்த்ததும் நான் படித்த படிப்பெல்லாம் எனக்குள் எழுந்து நின்றது. பட்டில் எண்ணெய் பட்டால் போகாது. பையிலிருந்து மெல்லிய காகிதம் ஒன்றை உருவி, அவர் தலைக்கும் துணிக்கும் நடுவில் வைக்கப் போனேன். பெரிய சாமர்த்தியம் என்றே நினைத்தேன். அதிகாரி என் பக்கம் திரும்பினார். துணியில் ஒரு நூல் இழுபட்டாலும் இரவெல்லாம் தூங்காதவர், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அந்தக் காயிதத்தக் கீழ வையிம்மா."

வைத்தேன். அத்தனை ஜனத்தின் முன்னால் அந்த மனிதரின் தலையில் காகிதத்தைப் போட்டு அதன் மேல் துணியைக் கட்டியிருந்தால், மிராசுதார் செய்ய நினைத்ததை அவரைவிட ஒழுங்காக நான் செய்து முடித்திருப்பேன். பூசாரி பரிவட்டத்தைக் கட்டினார். குலவைச் சத்தம் எழுந்தது. எங்கள் காவலர் காக்கிச் சட்டையுடன் வீராசாமியின் பக்கத்திலேயே நின்று, பொருளைத் தொடாதீர்கள் என்று தொட வந்தவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். மிராசுதார் கையில் இன்னும் கத்தரிக்கோல் இருந்தது. அதைப் படியில் வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். கம்புகள் ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்ந்தன. போலீஸ்காரர்களுக்கும் சேர்த்துத்தான் கீழத்தெருவில் கஞ்சி ஊற்றினார்கள். காத்தாயி மகனை முன்னால் விட்டுப் பின்னால் நடந்து வீடு போய்ச் சேர்ந்தாள்.

அதிகாரியைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றினார்கள். அமைச்சருக்கு மிராசுதார் வேண்டியவர். தேர்தல் வந்தால் சுவர் வேண்டும் அல்லவா. கண்காட்சி முடிந்ததும் இரவல் தந்தவர்கள் எல்லாரும் பொருளைத் திரும்ப வாங்கிப் போனார்கள். மிராசுதார் வரவில்லை. பலமுறை ஆள் அனுப்பிய பிறகு அவருடைய காரியஸ்தர் வந்தார். பரிவட்டத்தை எடுத்து நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கண்டவன் தலையில ஏறுன துணி வூட்டுக்குள்ள வரப்படாதாம். ஐயா எரிச்சுடச் சொன்னாரு."

நாங்கள் எரிக்கவில்லை. பொருள் கூடத்திலேயே தங்கியது. தம்பி தங்கைகளே, நீங்கள் கை தட்டிய கொடை இதுதான்.

அடுத்த வருஷம் திருவிழாவுக்குத் துணியைக் கொண்டுபோக வேண்டும் என்று புது அதிகாரியிடம் கேட்டேன். விதியில் இடமில்லை என்றார். தைரியசாலி என்று பெயரெடுத்தவர், மேஜையைக் குத்திப் பேசுவார், ஆனால் சந்துபொந்து தெரியாது. வெட்கத்துடன் ஊருக்குப் போய்க் காத்தாயியிடம் சொன்னேன். களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"வேற துணி வாங்கியாச்சும்மா. தல நம்மளுதுதானே."

இன்று அவளும் இல்லை, வீராசாமியும் இல்லை. நான் கற்ற பாடத்தைப் புத்தகத்தில் போடுவதற்கில்லை, நேராகவே சொல்கிறேன். ஒருவர் இரவல் தர வந்தால் பொருளை அப்புறம் பாருங்கள். இன்றைக்கு ஏன் வந்தார் என்று முதலில் விசாரியுங்கள். பயந்த அதிகாரி வாய்த்தால் கேலி செய்யாதீர்கள், கூடவே இருந்து கற்றுக்கொள்ளுங்கள். கையில் காகிதத்துடன் ஒரு மனிதரை நெருங்கும்போது, எதை எதனிடமிருந்து காக்கப் போகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை, என் பக்கத்தில் யோசித்தவர் இருந்தார். உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் கவலை.

கொடை என்ற சீட்டை எடுத்துவிடுங்கள். எரித்துவிடச் சொன்ன துணி இங்கே தங்கியது என்று எழுத உங்களுக்குத் துணிச்சல் வராது, எனக்குத் தெரியும். சீட்டே இல்லாமல் வையுங்கள். மருந்தைச் சென்னைக்கே திருப்பி அனுப்புங்கள். அந்தப் பேரன் அடுத்த முறை வரும்போது இவ்வளவு நல்ல பட்டில் இது என்ன கறை என்று கட்டாயம் கேட்பார். வீராசாமி தலை எண்ணெய் என்று சொல்லுங்கள்.